செத்தவர் கையில் நான் வைத்த கிளாஸ்

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு மாடி அறையில் எனக்கு வேலை. கீழே ஜவுளிக்கடை, நடுவில் லாட்ஜ், அதற்கு மேல் நாங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்பார் முதலாளி. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துவிட்டு லாட்ஜில் தங்க வந்தவர்கள் உள்ளே ஏதோ சாமி இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். ஏ.சி. உண்டு. அதுவும் கம்ப்யூட்டருக்குத்தான், எனக்கு இல்லை.

கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் எல்லாம் செய்வோம். ஆனால் எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது செத்தவர்களின் படம். கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் பாதி முகமாக நிற்பவரைக் கொண்டுவந்து கொடுத்து, மாலை போட்டு மாட்ட ஒரு படம் கேட்பார்கள். நான் பக்கத்து ஆளை அழிப்பேன். மூடியிருந்த கண்ணைத் திறப்பேன். பனியனுக்கு மேல் வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசிக் கொடுப்பேன். பூசிவிடும் நானோ மதுக்கரையில் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அதைப் பற்றி எந்தச் செத்தவரும் புகார் சொன்னதில்லை. வீட்டுக்காரர்கள் படத்தைப் பார்த்து அங்கேயே அழுதுவிடுவார்கள். அழுதால் வேலை நன்றாக அமைந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அதில் ரொம்பவே பெருமை.

அப்படித்தான் ஒரு நாள் கேசட்டுக்காரரின் மனைவி வந்தார்.

கேசட்டுக்காரரை அன்றைக்கு எங்கள் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. கோயில் நோம்பிகளில், அதாவது திருவிழாக்களில், தனி ஆளாக மேடையேறிக் குடிகாரன் வேஷம் கட்டுவார். காலைப் பின்னிக்கொண்டு நடந்து, விளக்குக் கம்பத்திடம் வழி கேட்டு, அது பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு அதோடு ஒரு மணி நேரம் சண்டை போடுவார். அந்தப் பேச்சு கேசட்டாக வந்து டீக்கடை, டெம்போ, தறிப் பட்டறை என்று எல்லா இடத்திலும் ஓடியது. குடிக்காத மனுஷன் அப்படிப் பேச முடியும் என்று கேட்டவர்கள் யாரும் நம்பவில்லை. "உள்ள போனாத்தானுங்க அவுருக்கு வாயே தொறக்கும்" என்று எங்கள் லாட்ஜ் வாட்ச்மேன்கூடப் பக்கத்தில் இருந்து ஊற்றிக் கொடுத்த மாதிரி சொல்வார். ஐம்பது வயதில் நெஞ்சுவலி வந்து மனுஷன் போய்ச் சேர்ந்தார். அதற்கும் ஊர் தானாகவே ஒரு காரணம் வைத்துக்கொண்டது.

அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்த அந்த அம்மாள் ஒரே ஒரு போட்டோவைப் பையிலிருந்து எடுத்தார். கேசட்டுக்காரர் மேடையில் நின்று வாய்விட்டுச் சிரிக்கிற படம். மோவாய்க்கு முன்னால் மைக் நின்றது.

"சாமி கும்புடற படத்துல மைக்கு வேண்டாமுங்க கண்ணு. எடுத்துப்போடுங்கோ."

எடுத்தேன். மைக் போன இடத்தில் மோவாய் இல்லை. பக்கத்துத் தோலை எடுத்து எடுத்து ஒட்டி ஒரு மோவாய் செய்தேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர், ஒரு தடவை தடவினால் யோசித்து யோசித்துக் காட்டும். அந்த அம்மாள் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இடது பக்கம் தாடையில ஒரு தழும்பு இருக்கோணும் கண்ணு. சின்ன வயசுல மாடு முட்டுனது" என்றார். வைத்தேன். "இன்னுங்கொஞ்சம் கீழ." இறக்கினேன். "அக்கட்ட தள்ளீட்டீங்க." இழுத்தேன். சரியான இடத்தில் அது உட்கார்ந்ததும் அவர் அழவில்லை, சிரித்தார்.

அப்புறம் நான் கேட்காமலே சொன்னார். "ஊரெல்லாம் எங்கூட்டுக்காரரக் குடிகாரருங்குது. இருவத்தாறு வருசம் அந்த வாயை மோந்து பாத்தவ நானு. ஒரு சொட்டுக் கெடையாதுங்க. எங்கப்பன் பெருங்குடிகாரன். குடிக்காத மாப்பிள்ளைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னு கட்டிக்கிட்டவ. மேடையில அவரு பண்றதெல்லாம் எங்கப்பனத்தான். மொதத்தடவை பண்றதுக்கு முன்னால, 'உங்கப்பன மேடையேத்தட்டுமா'ன்னு எங்கிட்டக் கேட்டுப்போட்டுத்தானுங்க பண்ணுனாரு."

ஊரில் யார் என்ன சொன்னாலும் அந்த அம்மாளுக்கு அது உறைக்காது. தனக்குத் தெரியும் என்கிற ஒன்று போதுமாக இருந்தது. அவ்வளவு நிச்சயமாக ஒருவரைப் பற்றி இன்னொருவர் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் அம்மா என் அப்பாவைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், சொல்லவும் முடியாது.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு பிராந்திக் கம்பெனியின் ஆள் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, வாய் நிறைய மரியாதை. எங்கள் ஊர் மரியாதை தெரியுமல்லவா, கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் "கொஞ்சம் நிமிருங்க" என்று சொல்லித்தான் அறுப்போம். புது வருஷத்துக்குக் காலண்டர் போடுகிறார்களாம். கேசட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் ஒரு கிளாஸை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டுமாம். பிராந்திக்கு வெளிப்படையாக விளம்பரம் செய்ய முடியாது என்பதால் அதே பேரில் சோடா என்று கீழே பொடி எழுத்தில் போட்டுக்கொள்வார்களாம். கேசட்டுக்காரரின் மகனிடம் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது, பழத்தட்டு வைத்துப் பொன்னாடையும் போர்த்தியாகிவிட்டது.

"அவரு குடிக்கறவரு இல்லீங்களாமா. ஊட்டுக்காரம்மா சொன்னாங்க" என்றேன்.

"அய்யோ, யாருங்க குடிக்கச் சொன்னாங்க? கையிலதானுங்களே வெச்சிருக்காரு. அதும் சோடாங்க" என்றார். அப்புறம் முதலாளி பக்கம் திரும்பி, "அப்படியே குடிச்சாலும், இனிமேலா அவருக்கு ஒடம்பு கெட்டுப்போகப் போகுது?" என்றார்.

முதலாளி சிரித்தார். இதை எழுதக் கை கூசுகிறது, நானும் சிரித்தேன்.

முகம் எங்கள் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அந்த அம்மாளும் நானும் சேர்ந்து செய்த முகம். உடம்புக்கு ஆள் வேண்டுமே, முதலாளியே பட்டு வேட்டி கட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். கேசட்டுக்காரர் கையில் கிளாஸ் பிடித்திருக்கிறார் என்று கோயம்புத்தூர் முழுக்கப் பார்த்ததே, அது எங்கள் முதலாளியின் கை. மோதிரத்தையும் கடிகாரத்தையும் நான்தான் அழித்தேன். கிளாஸில் இருந்தது பாலில்லாத காப்பி, தண்ணீர் விட்டு நிறம் குறைத்தது. முகம் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் திரும்பியிருந்ததால் முகத்தை இடவலம் மாற்றிப் போட்டேன். தழும்பும் வலது பக்கத்துக்குப் போயிற்று. அது எனக்குத் தெரிந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்குதுங்க மேடம். கண்ணு மட்டும் கொஞ்சம் சொருகுன மாதிரி பண்ணிப்போடுங்க" என்றார்.

செத்தவர்களுக்குக் கண் திறந்துவிடுகிற நான் அவருடைய இமையைக் கொஞ்சம் இறக்கினேன். வெள்ளையில் லேசாகச் சிவப்பைத் தடவினேன். நன்றாக வந்தது. கிளாஸில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிற இடத்தைச் சரிசெய்ய அரை நாள் செலவழித்தேன். வேலை முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. பிற்பாடு என்மேல் எனக்கு உண்டான அருவருப்பில் பாதிக்கு மேல் அந்தத் திருப்தியை நினைத்துத்தான். கம்பெனிக்காரர் விற்க வந்தவர், முதலாளி கடை வைத்திருப்பவர். அந்த மனுஷன் குடிக்காதவர் என்று தெரிந்தே உட்கார்ந்து மெருகேற்றியவள் நான் ஒருத்திதான்.

சிவகாசியில் அச்சாகி வந்தது காலண்டர். ஒயின்ஷாப் எல்லாவற்றிலும் தொங்கியது. சலூனில், புரோட்டாக் கடையில், வொர்க்‌ஷாப்பில் தொங்கியது. மதுக்கரையில் சிமெண்ட் மூட்டை தூக்கும் என் அப்பா ஒன்றை வாங்கிவந்து எங்கள் வீட்டில் ஆணியடித்து மாட்டினார், ஏசுநாதர் படத்துக்கு நேர் எதிரே. "பாத்தியா, மனுசன் என்னமா அனுபவிச்சுக் குடிக்கறான்" என்று என்னிடமே காட்டினார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

பொங்கல் கழிந்த பிறகு அந்த அம்மாள் மறுபடி வந்தார், கையில் சுருட்டின காலண்டர். மேஜையில் விரித்து நான்கு மூலையிலும் எதையாவது வைத்து அமுக்கினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"தழும்பு பக்கம் மாறிக் கெடக்குதுங்க கண்ணு" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கை யாருடையது, கிளாஸில் என்ன இருந்தது, கண்ணை எப்படிச் சொருக வைத்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "வர்ற வெள்ளிக்கெழமை வருசப் படையல். எம்பையன் படையல்ல பிராந்தி வெக்கப் போறேங்கறான். நீங்க வந்து எல்லாருக்கும் முன்னால இதச் சொல்லிப்போடுங்கோ, அது போதும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் செத்தவருக்குப் படையல் போடும்போது உயிரோடு இருக்கையில் அவருக்கு எது பிடித்ததோ அதை இலையில் வைப்பார்கள். பீடி குடித்தவருக்குப் பீடி, கோழிக்கறி பிடித்தவருக்குக் கோழிக்கறி. குடித்தவர் என்றால் அதையும் வைத்துத்தான் ஆக வேண்டும். வைக்காவிட்டால் ஆசை தீராமல் அலைவார் என்பார்கள். எங்கள் வீடுகளில் அந்த வழக்கம் இல்லை என்றாலும் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். வீடு நிறைய ஒறம்பரை, சொந்தக்காரர்கள். சுவரில் நான் செய்த படம், மாலையோடு, சீரியல் பல்போடு. அதற்குப் பக்கத்திலேயே நான் செய்த காலண்டர். ஒரே முகம், ஒன்றில் கண் திறந்திருந்தது, ஒன்றில் சொருகியிருந்தது. கீழே இலையில் சோறு, குழம்பு, வடை, கச்சாயம். மகன் மில்லில் வேலை செய்கிறவர், என் வயதுதான் இருக்கும். நியூஸ் பேப்பரில் சுற்றியிருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார்.

"எடுறா அத" என்றார் அந்த அம்மாள்.

"அம்மா, அவரு ஆசைப்பட்டத வெக்காம இருக்கக்கூடாதும்மா."

"அவரு ஆசைப்பட்டாருன்னு உனக்கு யாருடா சொன்னா?"

கேசட்டுக்காரரின் தம்பி குறுக்கே வந்தார். "போட்டோவே இருக்குதுங்களே அண்ணி. ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இன்னும் என்னத்த மறைக்கறது."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் முன்னால் போய்ச் சொன்னேன். படம் நான் செய்தது, கை எங்கள் முதலாளியுடையது, கேசட்டுக்காரர் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை என்றேன். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கினதும் சிரித்தார்கள். கம்ப்யூட்டரில் கணக்குப் போடலாம், லெட்டர் அடிக்கலாம், ஒருத்தர் கையைக் கழற்றி இன்னொருத்தருக்கு மாட்ட முடியுமா என்றார் ஒருவர். தழும்பைப் பாருங்கள், பக்கம் மாறியிருக்கிறது என்றேன். "கண்ணாடியில பாத்தா அப்படித்தானுங்க தெரியும்" என்றார் இன்னொருவர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

தம்பி எழுந்து என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார். "அண்ணி வெசனப்படக் கூடாதுன்னு நீங்க இப்படிச் சொல்றீங்க. எனக்குப் புரியுதுங்க அம்மணி. நல்ல மனசுங்க உங்களுக்கு. சாப்பிட்டுப்போட்டுத்தான் போகோணும்."

பொய்யைச் செய்தபோது உலகமே நம்பியது. உண்மையைச் சொன்னபோது நல்ல மனசு என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை அவர் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் நிஜமாகவே அன்பாகத்தான் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை.

மகன் ஒரு கண்ணாடி கிளாஸில் பிராந்தியை ஊற்றி இலையின் ஓரத்தில் வைத்தார். வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்தவர் எழவில்லை, முதுகு குலுங்கியது. "எங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு இத்தனை வருசம் வெளியிலயே ஒளிச்சுக் குடிச்சீங்களேப்பா. இனிமே ஊட்டுலயே குடிங்கப்பா. யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டம்ப்பா" என்று அழுதார். சுற்றி நின்றவர்களுக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாள் மட்டும் சுவரில் சாய்ந்து, மகன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கும்பிட்டு முடிந்ததும் பாட்டிலில் மிச்சம் இருந்ததை ஆண்கள் ஆளுக்குக் கொஞ்சம் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்கள், கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி. உறிஞ்சிவிட்டு ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டார் ஒரு பெரியவர். எனக்கு இலை போட்டார்கள். பிராந்தியும் சாம்பிராணியும் கறிக்குழம்பும் கலந்த அந்த வாசத்தில் உட்கார முடியவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். வழியில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இரண்டு தடவை வாந்தி எடுத்தேன்.

நான்கைந்து நாள் கழித்து அந்த அம்மாள் மூன்றாவது தடவையாக எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அதே ஸ்டூலில், என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க பண்ணுன படத்த எல்லாரும் நம்பறாங்க. கூடவே குடும்பம் பண்ணுனவ சொல்றத ஒருத்தரும் நம்பமாட்டேங்கறாங்க. எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க கண்ணு. இதே படந்தான். இதே கிளாஸ். உள்ளார மட்டும் மோர் இருக்கோணும். கம்பெனிக்காரன்தான் மோர அழிச்சுப்போட்டான்னு எம்பையன்கிட்டக் காட்டிக்கறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தன் பக்கத்தில் உண்மையை வைத்திருக்கிற ஒரு மனுஷி அதைக் காப்பாற்ற என்னிடம் ஒரு பொய் வாங்க வந்திருக்கிறார். என்னால் முடிந்த உதவி அது ஒன்றுதான் என்று நினைத்தேன். அந்தப் படத்தைத் திறந்தேன். கிளாஸுக்குள் இருந்ததை மட்டும் தனியாகப் பிடித்து, மஞ்சளையும் சிவப்பையும் இறக்கி, வெள்ளையை ஏற்றினேன். மேலே கொஞ்சம் நுரை வைத்தேன். சொருகின கண்ணைத் திறந்துவிட்டேன். தழும்பை அதன் பழைய இடத்துக்குக் கொண்டுபோனேன். பிராந்தியை மோராக்க நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை.

"சரியாங்கம்மா?" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சுளுவுங்களா?" என்றார்.

"ஆமாங்கம்மா."

பிறகு என்னிடம் பேசுகிற மாதிரி இல்லாமல் பேசினார். "வெளியூரு நோம்பிக்குப் போனா மூணு நாள், நாலு நாள் கழிச்சுத்தான் ஊட்டுக்கு வருவாரு. எப்பப் பாத்தாலும் வெத்தலை மென்னுக்கிட்டேதான் வாசப்படி ஏறுவாரு. எனக்கு அந்த வாசம் ரொம்பப் புடிக்கும்."

திரையை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"வெத்தலை போட்டா வேற வாசம் எதும் தெரியாதுங்களே கண்ணு. தெரியுமா?"

வேறு வாசமும் தெரியும் என்று சொல்ல, அது எனக்குத் தெரியாத விஷயம். தெரியாது என்றால் அவருடைய இருபத்தாறு வருஷம் போய்விடும். நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு எழுந்தார். பிரிண்ட் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாமுங்க கண்ணு, வாரேன்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். அதற்கப்புறம் வரவே இல்லை.

முதலாளி அவருடைய மேஜையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எழுந்து வந்து திரையில் குனிந்து பார்த்தார்.

"அட, மோரும் நல்லாத்தான் வந்திருக்குதுங்க அம்மணி. நமக்குத் தெரிஞ்ச பால் கம்பெனிக்காரர் ஒருத்தர் காலண்டர் போடோணும்னு சொல்லிட்டிருந்தாரு. இத சேவ் பண்ணிட்டீங்களா?"

கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத காலம். கை தானாகவே சேவ் பண்ணியிருந்தது.